அவரிடம் கேட்டோமா?

(தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்றைய நற்செய்தி வாசகம் நீளமானது. யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் முழுவதும், 41 வசனங்கள். வெயில் ஏறிவிட்ட இந்த நாள்களில் இவ்வளவு நேரம் நின்று கேட்பது முதியவர்களுக்குக் கடினம் என்பதால், பல ஆலயங்களில் குறுகிய வாசகத்தை வாசித்து முடித்துவிடுகிறோம். அதற்கு வழிபாட்டு ஒழுங்கில் இடம் உண்டு. ஆனால் அந்தக் குறுகிய வாசகத்தில் இரண்டு பகுதிகள் விடுபட்டுப்போகின்றன. பார்வையற்றவரைக் கண்டதும் சீடர்கள் கேட்ட கேள்வி ஒன்று. பரிசேயர்களுக்கு அவருடைய பெற்றோர் சொன்ன பதில் மற்றொன்று. இன்று நாம் சிந்திக்க விரும்புவது அந்த இரண்டையும்தான்.

முதலில் சீடர்களின் கேள்வி. வழியோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவர். சீடர்கள் அவருக்கு வணக்கம் சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. அவருக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும். அதை நினைத்துப் பாராமல், அவர் எதிரிலேயே ஆண்டவரிடம் விசாரிக்கிறார்கள்: இவர் இப்படிப் பிறந்ததற்கு யார் செய்த பாவம் காரணம், இவர் செய்ததா, பெற்றோர் செய்ததா என்று. ஆண்டவர் இரண்டும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

ஈராயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வியை நாம் விட்டபாடில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒரு வீட்டில் பிறந்தால் போதும், அதே விசாரணை தொடங்கிவிடுகிறது. கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டாளோ, வேலைக்குப் போனாளே, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாளா, கையில் செல்போனைக் கொடுத்துவிட்டாளோ, யார் விட்ட சாபமோ. இதைக் கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிற நாம்தான்.

படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்து, ஆட்டிசம் என்ற பெயரில் அவர்களைப் பற்றி எழுதினார். அந்தப் பெற்றோரிடம் பாச வெதுவெதுப்பு குறைவாக இருந்தது என்றும் சேர்த்து எழுதினார். பிற்பாடு அது வளர்ந்து, குளிர்ந்த மனம் கொண்ட தாய்மார்களால்தான் பிள்ளைகள் இப்படி ஆகிறார்கள் என்ற கொள்கையாகவே நின்றுவிட்டது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. எத்தனை தாய்மார்கள் தங்கள் மார்பில் தாங்களே அறைந்துகொண்டிருப்பார்கள்! இதை மறுத்து 1964இலேயே புத்தகம் எழுதியவர் பெர்னார்டு ரிம்லேண்ட். அவர் உளவியலாளர் என்பதோடு, ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பன். இன்று எந்த மருத்துவரும் தாயைக் குற்றம் சொல்வதில்லை. ஆட்டிசம் பிறவியோடு வருவது, மூளையும் நரம்புகளும் வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு என்பதில் ஐயமில்லை. ஒலியை, ஒளியை, தொடுதலை, மணத்தை உணரும் விதம் வேறு. மற்றவரோடு பழகும் விதம் வேறு. சிலர் சரளமாகப் பேசுவார்கள், சிலர் வாழ்நாள் முழுவதும் பேசமாட்டார்கள். சிலர் கல்லூரியில் பாடம் நடத்துவார்கள், சிலருக்குச் சட்டைப் பொத்தான் போடவும் ஒருவர் துணை வேண்டும்.

தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயரையும் ஒருமுறை காதுகொடுத்துக் கேளுங்கள். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்' என்று இருக்கிறது. சான்றிதழ் வாங்கப் போகும் பெற்றோர் இதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். புற உலகம் அவர்கள் மேல் வந்து மோதுவதால்தான் பலர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். ஆனால் பெயர் வைத்தவர்கள் வெளியில் நின்று பார்த்து வைத்தார்கள். உள்ளே இருப்பவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த இரண்டாவது பகுதிக்கு வருவோம். பார்வை பெற்றவரின் பெற்றோரைப் பரிசேயர்கள் அழைத்து விசாரிக்கிறார்கள். இவன் எங்கள் மகன்தான், பார்வையில்லாமல்தான் பிறந்தான் என்று பெற்றோர் ஒப்புக்கொள்கிறார்கள். மற்றதை எங்களைக் கேட்காதீர்கள், அவனுக்கு வயதாகிவிட்டது, அவனையே கேளுங்கள், தன்னைப் பற்றி அவனே சொல்வான் என்கிறார்கள். பயத்தில்தான் அப்படிச் சொன்னார்கள் என்று யோவானே எழுதுகிறார். தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற பயம். பயத்தில் சொன்னாலும் சொன்னது சரியான சொல். அந்த அதிகாரத்தில் அதுவரை எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்கள். அண்டை வீட்டார், இவர் அவர்தானா வேறு ஆளா என்று அவர் முன்னாலேயே வாதாடினார்கள். நான்தான் அது என்று அவரே சொல்ல வேண்டியிருந்தது. பெற்றோர் ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் அவர் முழுக்கப் பேசத் தொடங்குகிறார். எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்! கொஞ்சம் கேலியாகக்கூடப் பேசுகிறார். அதற்குக் கிடைத்த பரிசு என்ன? பாவத்திலேயே பிறந்த நீ எங்களுக்குப் பாடம் சொல்கிறாயா என்று வெளியே தள்ளிவிட்டார்கள்.

1993ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரில் ஆட்டிசம் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்று நடந்தது. அங்கே ஜிம் சின்க்ளேர் என்பவர் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். அவருக்கே ஆட்டிசம் உண்டு. 12 வயதுவரை பேசாதவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவரும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து, ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஓர் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்பதுதான் அவருடைய உரையின் சாரம். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு; வராத பிள்ளைக்காக அழ வேண்டுமானால் அழுங்கள், அது இயல்புதான்; ஆனால் அந்த அழுகையை வந்திருக்கும் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள் என்று சொன்னார். ஆட்டிசம் என்பது ஓர் ஓடு போல, அதை உடைத்தால் உள்ளிருந்து வேறொரு பிள்ளை வெளியே வரும் என்று நினைக்காதீர்கள். அது எங்கள் இருப்பிலேயே கலந்திருக்கிறது. அது இல்லாமல் போகவேண்டும் என்று நீங்கள் வேண்டும்போது, நாங்கள் இல்லாமல் போய் வேறு யாரோ வரவேண்டும் என்று வேண்டுவதாகவே எங்கள் காதில் விழுகிறது என்றார். கேட்ட எல்லாருக்கும் அது இனித்திருக்காது. நமக்கும் முதலில் இனிக்கவில்லை.

அந்த அமைப்பினர் 1996 முதல் நியூயார்க் மாநிலத்தில் கூடத் தொடங்கினார்கள். அந்தக் கூடுகையில் ஒரு சிறு வழக்கம் உருவாயிற்று. ஒவ்வொருவரும் சட்டையில் வண்ண அட்டை குத்திக்கொள்வார்கள். சிவப்பு என்றால் இப்போது யாரும் என்னோடு பேசவேண்டாம். மஞ்சள் என்றால் எனக்குத் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசைதான், ஆனால் தொடங்கத் தெரியவில்லை, நீங்களே வாருங்கள். இதைப் படித்தபோது நமக்கு மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. காதுகேளாதவரைக் குணமாக்கும் முன், ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போகிறார். ஏன் தனியே? கூட்டம் ஒரு மனிதருக்கு எவ்வளவு பாரம் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

2007 டிசம்பரில் நடந்ததையும் சொல்லவேண்டும். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தை ஆய்வு மையம் நகரமெங்கும் விளம்பரம் வைத்தது. பிள்ளையைக் கடத்தியவன் பணம் கேட்டு எழுதும் கடிதம் போன்ற விளம்பரம். உங்கள் மகன் எங்கள் பிடியில் இருக்கிறான் என்று ஆட்டிசமே எழுதுவதுபோல அமைத்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், பெற்றோர் சீக்கிரம் சிகிச்சைக்கு வரட்டும் என்று. ஆனால் அந்தத் தெருக்களில் ஆட்டிசம் உள்ளவர்களும் நடந்துபோனார்கள், அவர்களும் படித்தார்கள். கடத்தப்பட்டவர்கள் என்றும், இனி வாழ்வில்லாதவர்கள் என்றும் தங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தார்கள். ஆரி நேமன் என்ற இருபது வயதுக் கல்லூரி மாணவர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், மற்ற மாற்றுத்திறனாளி அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்புத் தெரிவித்தார். அதே மாதத்தில் விளம்பரம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதே டிசம்பரில்தான் ஐக்கிய நாடுகள் அவை ஏப்ரல் 2ஆம் நாளை உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அந்த நாள் இதோ நெருங்குகிறது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். எழ வேண்டும். பேசத் தெரிந்தவர்கள் மேடை ஏறிப் பேசுகிறார்கள், சரி. என் பிள்ளைக்கு வாயில் ஒரு வார்த்தை இல்லை, இரவு முழுவதும் தூங்குவதில்லை, தன் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான், எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள் என்று கேட்கும் தாய் நம் பங்குகளில் இருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் நாம் கடந்துபோக முடியாது. அவருடைய களைப்பு உண்மை. அவருக்கு வேண்டியது ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கை, சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்கு உடன் வரும் ஒருவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளைக் குறிப்பிடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அன்பியக் கூட்டங்களில் இதைச் சொல்லலாம், செய்யலாம்.

ஆனால் பேச்சில்லை என்பதால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. 2018 நவம்பர் 28 அன்று வத்திக்கானில் திருத்தந்தை பிரான்சிஸ் பொது மறைக்கல்வி வழங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் மேடைக்கு ஓடிவந்து, காவலரின் கையுறையைப் பிடித்து இழுத்து, அங்கேயே விளையாடத் தொடங்கினான். தாய் பதறிப்போய் அழைத்துச்செல்ல வந்தார். மகனுக்குப் பேச வராது என்றார். விட்டுவிடுங்கள், விளையாடட்டும் என்றார் திருத்தந்தை. பிறகு மக்களிடம், இந்தப் பிள்ளைக்குப் பேச வராது, ஆனால் தன்னை வெளிப்படுத்தத் தெரிகிறது, இவன் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறான், கடவுள் முன் நான் இப்படி இருக்கிறேனா என்று எண்ண வைத்தான் என்ற பொருளில் பேசினார். பேசாத பிள்ளை கையைப் பிடித்து இழுத்துப்போவதும், ஒரு சோற்றைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுப்பதும், ஆலய வாசலில் உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பதும் பேச்சுதான். படத்தைத் தொட்டால் குரலாக ஒலிக்கும் 'ஆவாஸ்' என்ற செயலி நம் சென்னையிலேயே உருவானது. தாய்தான் அந்தப் பிள்ளையின் மொழியை மற்ற எவரையும்விட அறிந்தவர். அவர் சொல்வதையும் கேட்போம். பிள்ளையிடம் கேட்பதற்குப் பதிலாக அல்ல, அதோடு சேர்த்து.

குணமாக்கச் செபிப்பது தவறா என்றும் சிலர் கேட்பீர்கள். ஆண்டவர் கண் திறந்தாரே! செபியுங்கள். ஆனால் பிள்ளை பக்கத்தில் இருக்கிறது, அதற்குக் காது கேட்கிறது என்று தெரிந்து செபியுங்கள். செபக்கூட்டங்களுக்கு இந்தப் பிள்ளைகளை இழுத்துப்போய், தலையில் பத்துக் கைகள் வைத்து, ஒலிபெருக்கியை அலறவிட்டு, பேயே போ என்று கத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், ஒரு சிறிய சபையில், ஆட்டிசம் உள்ள எட்டு வயதுப் பையனைத் தீய ஆவி விரட்டுகிறோம் என்று தரையில் கிடத்தி அழுத்திப் பிடித்தார்கள். பையன் மூச்சுத் திணறி இறந்துபோனான். பிடித்தவர்கள் அவனை வெறுத்தவர்கள் அல்லர், அவனுக்காகச் செபித்தவர்கள். இதைவிட அச்சமூட்டும் செய்தி நமக்குத் தெரியாது.

இனி எங்கள் கதை. ஊரார் தவற்றைச் சொல்லிவிட்டு எங்கள் தவற்றை மறைப்பது நியாயமில்லை. பங்குத்தந்தையும் உதவிப் பங்குத்தந்தையுமாக நாங்கள் இருவர் பணியாற்றிய ஒரு பங்கில், ஒரு தாயும் மகனும் ஞாயிறுதோறும் வருவார்கள். ஆலயத்தின் பக்கவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார்கள். உள்ளே வாருங்கள் என்று நாங்கள் ஒருமுறை கூப்பிட்டோம். "இருக்கட்டும் ஃபாதர், நாங்க இங்கேயே நின்னுக்கிறோம், மத்தவங்களுக்குத் தொந்தரவு" என்றார் அந்த அம்மா. நாங்களும் விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. திருப்பலி முடிந்ததும் போய்ப் பேசுவோம். எல்லாப் பேச்சும் அம்மாவிடம்தான். தம்பி சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா, போன மாதத்துக்கு இப்போது பரவாயில்லையா? பிறகு தம்பியின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்போம். அவன் கழுத்தைச் சுருக்கிக்கொள்வான். கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டோம். பையன் வளர்ந்து பத்தொன்பது வயது இளைஞரானார். எங்கள் பேச்சு அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிறு அந்த அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். சித்தி அழைத்துவந்திருந்தார். வழக்கம்போல் சித்தியிடம் விசாரித்தோம். "எனக்கு என்ன தெரியும் ஃபாதர், அவனையே கேளுங்க. செல்லுல எழுதிக் காட்டுவான்" என்றார் அவர். அவருக்கு யோவான் 9ஆம் அதிகாரமெல்லாம் நினைவில் இருந்திருக்காது. நாங்கள் தம்பியைப் பார்த்து, என்ன கேட்பது என்று தெரியாமல் தடுமாறி, ஆலயத்தில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். அவர் வெகுநேரம் கைப்பேசியில் தட்டினார். நாங்கள் போய்விடலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நீட்டினார். நான்கு வரி. ஒலிபெருக்கி கத்துகிறது. மணி அடிக்கும் முன் சொல்லுங்கள். தலையில் கை வைக்கவேண்டாம். அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கேட்கிறது.

அந்த நான்காவது வரி எங்களை விட்டு இன்னும் போகவில்லை.

பக்கவாசலுக்கு நேர்மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியை இறக்கினோம். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று பாடகர் குழுவினர் இரண்டு வாரம் முகம் கொடுக்கவில்லை. திருப்பலியில் எது எதற்குப் பின் வரும், எப்போது மணி, எப்போது எல்லாரும் எழுவார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பக்கவாசலில் ஒட்டினோம். அதைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி, என் பேத்திக்கும் ஒன்று கொடுங்கள் என்று வந்து நின்றார். அந்தப் பேத்தியை அதுவரை நாங்கள் கண்டதேயில்லை. பங்கின் குடும்பப் பதிவேட்டில் பெயர் இருந்தது. புதுநன்மை வாங்கும் வயது கடந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. உடலிலோ மனத்திலோ குறையுள்ளவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ப மறைக்கல்வி தரவேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 777ஆம் எண் பங்குத்தந்தையிடம் சொல்கிறது. குருமடத்தில் படித்தோம், தேர்வும் எழுதினோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். பங்குத் திருவிழாவில் கொட்டையும் வெடியையும் எங்களால் நிறுத்த முடியவில்லை. முயன்றோம், ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பத்து நாளும் அந்தத் தம்பி வருவதில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணித் திருப்பலிக்கு வருகிறார். பதினைந்து பேர் இருப்பார்கள், ஒலிபெருக்கி கிடையாது. உள்ளே, இடப்பக்கம், மூன்றாவது தூணருகில் நிற்கிறார். அப்போது நாங்கள் அவருக்குத் தலையசைக்கிறோம், அவரும் சிலநேரம் அசைக்கிறார்.

ஏப்ரல் 2ஆம் நாளையொட்டி ஞாயிறு திருப்பலியில் அவரைப் பீடத்தருகே அழைத்து, அவர் எழுதியதை வாசிக்கவைத்து, எல்லாரும் கைதட்டலாம் என்று திட்டமிட்டோம். மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் சொல்லிவிட்டோம், பொன்னாடைக்கும் ஏற்பாடாயிற்று. கடைசியில்தான் அவரிடம் கேட்கவில்லையே என்று எங்களுள் ஒருவருக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை திருப்பலி முடிந்ததும் கேட்டோம். கைப்பேசியில் ஒரே சொல் எழுதினார். வேண்டாம். போய் ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டு வந்தோம்.